உமியிலிருந்து மின்சாரம்: ஒரு விடைத்தாள் திருத்திய பாடம்

காலாண்டுத் தேர்வு. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘உயிரிப்பொருள்களிலிருந்து மின்சாரம் தயாரிப்பதன் நன்மைகள் இரண்டு எழுதுக’ என்பது இரண்டு மதிப்பெண் வினா. பெரும்பாலான தாள்களில் ஒரே விடைதான்: ‘வீணாகும் பொருள்கள் பயன்படுகின்றன. சுற்றுச்சூழல் மாசடைவதில்லை.’ நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதுதான் அது. சரி, சரி என்று குறியிட்டுக்கொண்டே போனேன்.

ஒரு தாளில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ‘உமி வீணாகாது. நாங்கள் மூட்டைக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். கரண்டு எடுக்க உமியைக் கொண்டுபோனால் எங்கள் அம்மா எதை எரித்து நெல் அவிப்பார்கள்?’

கேட்டது நன்மைகள். இவள் எழுதியிருப்பது ஒரு கேள்வி. சுழியம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் மதிப்பெண் கேட்டு வரவில்லை. “டீச்சர், நான் எழுதினது தப்பா?” என்று மட்டும் கேட்டாள். “கேட்ட கேள்விக்கு விடை இல்லையேம்மா” என்றேன். சொன்ன பிறகுதான் உறுத்தியது. அவள் அம்மா நெல் வாங்கி, அவித்து, காயவைத்து, மில்லில் அரைத்து அரிசியாக விற்பவர். அந்த வீட்டில் உமி மாதாமாதம் கணக்குப் பார்க்கும் செலவு. அந்தப் பிள்ளையிடம் ‘வீணாகும் பொருள்’ என்று எழுதச் சொல்லி, எழுதாததற்கு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன்.

அந்தப் பாடத்தை மறுபடியும் நடத்தினேன். நான்கு பாடவேளைகள் ஆயின. என்ன செய்தோம் என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் வேலையாக, ‘உங்கள் ஊரில் உமி எங்கே போகிறது என்று விசாரித்து வாருங்கள்’ என்று அனுப்பினேன். எங்களுடையது நெல் விளையும் பகுதி. மறுநாள் பட்டியல் வந்தது. புழுங்கல் அரிசி மில்லின் கொதிகலனுக்குப் போகிறது. செங்கல் சூளைக்குப் போகிறது. கோழிப்பண்ணையில் தரையில் பரப்ப வாங்கிப் போகிறார்கள். வீட்டில் நெல் அவிப்பவர்கள் வாங்குகிறார்கள். இரண்டு வீடுகளில் இன்னும் உமி அடுப்பு இருக்கிறது. “பழைய மில்லில் அரைச்சா உமியும் தவிடும் கலந்து வரும், அது மாட்டுக்கு” என்றான் ஒருவன். வைக்கோலையும் சேர்த்துக்கொண்டார்கள்: மாட்டுத் தீவனம், காளான் வளர்ப்பு, உருளை கட்டி லாரியில் வெளியூருக்கு. ‘யாருக்கும் வேண்டாத உமி’ என்ற தலைப்பின் கீழ் எழுத ஏதும் கிடைக்கவில்லை.

அடுத்து அறிவியலுக்கு வந்தோம். ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்து, “இதில் எரிவது எது?” என்று கேட்டேன். “குச்சி” என்று எல்லோரும் சொன்னார்கள். நன்றாகப் பார்க்கச் சொன்னேன். சுடர் குச்சியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்காது. சற்று விலகி நிற்கும். சூட்டில் மரம் சிதைந்து வாயுக்கள் வெளியேறுகின்றன. அவை காற்றோடு கலக்கும் இடத்தில்தான் சுடர் நிற்கிறது. சுடர் போன பிறகு மிஞ்சிய கரி சுடரில்லாமல் கனன்று எரியும். அணைத்த மெழுகுவர்த்தியின் புகையில் தீக்குச்சியைக் காட்டினால் திரியைத் தொடாமலே பற்றிக்கொள்ளும். இதைச் செய்து காட்டியபோது வகுப்பு எழுந்து நின்றது. விறகு எரிகிறது என்று நாம் சொல்வதில் பாதி வேலை வாயுவுடையது என்று புரிந்துவிட்டால் மற்றதை விளக்குவது எளிது.

பிறகு திறந்த வெளியில், பள்ளி வேப்பமரத்தடியில், நானே செய்து காட்டியது இது. ஒரு கொதிகுழாயில் கால் பங்கு காய்ந்த மரத்தூள். வாயில் ஒரு துளை அடைப்பான். அதில் கூர்முனைக் கண்ணாடிக் குழாய். குழாயின் வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி தாங்கியில் பொருத்தி, சாராய விளக்கால் சூடாக்க வேண்டும். முதலில் வருவது நீராவி. பிறகு வெள்ளைப் புகை. குழாயிலுள்ள காற்று வெளியேறும் வரை பொறுத்திருந்து முனையில் தீக்குச்சியைக் காட்டினால் சிறு சுடர் நிற்கும். உமியிலும் வரும், மரத்தூள் அளவுக்குத் தெளிவாக இருக்காது. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே வகுப்பறைக்குள் வேண்டாம், பிள்ளைகள் கையிலும் வேண்டாம். குழாய் ஆறிய பின் உட்புறத்தில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு ஒட்டியிருக்கும். அதைக் கழுவிவிடாதீர்கள், பாடத்தின் பின்பகுதிக்கு வேண்டும்.

சோதனையில் வெளியிலிருந்து சூடு கொடுத்தோம். வாயுவாக்கி என்னும் கலன் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. உயரமான இரும்புக் கலன்; மேலிருந்து உமியைக் கொட்டுவார்கள். முழுதாக எரியப் போதாத அளவு காற்றே உள்ளே விடப்படும். கரிமூட்டம் போடுபவர் மண்ணால் மூடி நெருப்பை மூச்சுத்திணற வைப்பது போலத்தான். உமியில் ஒரு பகுதி எரிந்து சூடு தரும். கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகும். இவை சிவந்து கனலும் கரியின் ஊடே செல்லும்போது:

கார்பன் டை ஆக்சைடு + கார்பன் → கார்பன் மோனாக்சைடு
நீராவி + கார்பன் → கார்பன் மோனாக்சைடு + ஹைட்ரஜன்

இரண்டும் எரியக்கூடிய வாயுக்கள். ஆனால் காற்றில் பெரும்பகுதியாக இருந்த நைட்ரஜனும் கூடவே வரும். கிடைக்கும் கலவையில் ஏறத்தாழ பாதி நைட்ரஜன்தான். எரியும் பகுதி சுமார் 40 விழுக்காடு. நீர்வாயு, உற்பத்தி வாயு என்று பாடநூலில் மனப்பாடம் செய்கிற பெயர்கள் இங்கே உயிர் பெறுகின்றன. இந்த வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் எஞ்சின் ஓடும். எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காத காலத்தில் நம் ஊர்களில் ஓடிய ‘கரி பஸ்’ இதே முறையில் ஓடியதுதான். பின்புறத்தில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு போகுமாம். மிக வயதான தாத்தா, பாட்டி யார் வீட்டிலாவது இருந்தால் கேட்டுவரச் சொல்லலாம்.

இப்போது பீகார். உமி மின்சாரத்தைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 93.4 விழுக்காடு வீடுகளில் விளக்கு மின்சாரத்தில் எரிந்தது. பீகாரில் 16.4 விழுக்காடு. மற்ற வீடுகளில் பெரும்பாலும் மண்ணெண்ணெய் விளக்கு. கடைத்தெருவில் யாராவது டீசல் ஜெனரேட்டர் வைத்து, பல்புக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மாலையில் சில மணி நேரம் கொடுப்பார்கள். அதே பீகாரில் நெல் விளைகிறது. மில்களின் பின்புறம் உமி மலையாகக் குவிந்து கிடந்தது. பச்சரிசி அரைக்கும் மில்லுக்குக் கொதிகலன் தேவையில்லை, ஆகவே உமிக்கும் அங்கே வேலையில்லை. புழுங்கல் அரிசி அரைக்கும் நம் பகுதிக்கும் பச்சரிசி மில்லுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஒரு மாணவனே கண்டுபிடித்துச் சொன்னான். அன்றைக்கு எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

ஞானேஷ் பாண்டே பீகாரில் பிறந்து, அமெரிக்காவில் மின்னணுத் துறையில் வேலை பார்த்த பொறியாளர். அவரும் ரத்னேஷ் யாதவ், மனோஜ் சின்கா ஆகியோரும் சேர்ந்து தொடங்கியது ‘ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ்’ என்ற நிறுவனம். மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில் தம்குஹா என்ற கிராமத்தில், 2007 ஆகஸ்ட் 15 அன்று அவர்களுடைய முதல் உமி மின்நிலையம் ஓடத் தொடங்கியது. வாயுவாக்கி புதிய கருவி அல்ல. பீகாரின் அரிசி மில்களில் டீசலோடு கலந்து ஓட்ட ஏற்கெனவே பயன்பட்டதுதான். டீசலே இல்லாமல் உமி வாயுவில் மட்டும் எஞ்சினை ஓட்டி, மின்சாரத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு விற்றதுதான் புதிது. இரும்புக் கம்பத்துக்குப் பதில் மூங்கில் கழிகளை நட்டு, உறை போட்ட கம்பிகளை இழுத்தார்கள். மீட்டர் இல்லை; ஒரு வீட்டுக்கு இரண்டு சிக்கன விளக்கு, செல்போன் மின்னேற்றம் என்று மாதத்துக்கு ஒரு தொகை. மாலையில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மின்சாரம். சில ஆண்டுகளில் இந்த முறை பல கிராமங்களுக்குப் பரவியது.

பிள்ளைகளுக்குக் கதை பிடித்துவிட்டது. நான் அங்கேயே நிறுத்தியிருந்தால் பழைய பாடத்தைத்தான் கொஞ்சம் அழகாக நடத்தியிருப்பேன். கணக்குக்கு வந்தோம். இந்தப் பகுதியைக் கணித ஆசிரியரையும் உட்கார வைத்துக்கொண்டு நடத்தினேன். உங்களுக்கும் அதைப் பரிந்துரைக்கிறேன்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒன்றரை கிலோ உமி வேண்டும். 30 கிலோவாட் நிலையம் ஆறு மணி நேரம் முழுச்சுமையில் ஓடினால் 180 யூனிட். அதற்கு 270 கிலோ உமி. ஓராண்டுக்கு 98,550 கிலோ, அதாவது ஏறத்தாழ 98.5 டன். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் உமி. ஆக 493 டன் நெல் அரைபட வேண்டும். எங்கள் ஊர்க் கணக்கில் ஏக்கருக்கு 2 டன் என்று வைத்துக்கொண்டால் 246 ஏக்கர் நெல். பீகாரில் விளைச்சல் இதைவிடக் குறைவு, நிலம் இன்னும் கூடுதலாக வேண்டும். “ஒரு ஊருக்கு லைட்டு எரிய நம்ம ஊர் வயல் பூரா வேணுமா டீச்சர்?” என்று கேட்டான் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒருவன். நெல் மனிதர் சாப்பிடத்தான் விளைகிறது, உமி கூடவே வருகிறது என்று விளக்கினேன். ஆனாலும் அவன் வியப்பு நியாயமானது.

உமியை எங்கே வைப்பது என்பது அடுத்த கணக்கு. பத்து லிட்டர் வாளியில் அமுக்காமல் உமியை நிரப்பி எடை போட்டோம். ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். வகுப்பறையை அளந்தார்கள்: 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், 108 கன மீட்டர். ஓராண்டு உமியை அடைக்க இப்படி எட்டு, ஒன்பது அறைகள் வேண்டும்! அறுவடைக் காலத்தில் கிடைப்பதை ஆண்டு முழுவதும் மழையில் நனையாமல் வைத்திருக்கவும் வேண்டும். ஈர உமியில் நல்ல வாயு வராது. லாரி வாடகை எடைக்கு அல்ல, இடத்துக்குத்தான் என்று சொல்லும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். நிலையத்தை மில்லுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய காரணத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது கணக்குதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரு கிலோ உமியில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 13 மெகா ஜூல். ஒன்றரை கிலோவில் சுமார் 20. கிடைப்பது ஒரு யூனிட், அதாவது 3.6 மெகா ஜூல். நூற்றுக்கு 18 பங்கு. மீதி எல்லாம் வெப்பமாகவும், எரியாத கரியாகவும் போய்விடுகிறது. நெல் அவிப்பவருக்கு வேண்டியதோ வெப்பம்தான். அவர் உமியை நேராக எரித்து அந்த வெப்பத்தை எடுத்துக்கொள்கிறார். அந்த உமியைப் பிடுங்கி மின்சாரமாக்கிவிட்டு, நெல் அவிக்க அவருக்கு வேறு விறகு தேடச் சொன்னால் கணக்கு எப்படி ஒத்துவரும்? இதைக் கரும்பலகையில் போட்டபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

சர்க்கரை ஆலைகள் இந்த இடத்தில் புத்திசாலிகள். கரும்புச் சக்கையை எரித்து உயர் அழுத்த நீராவி உண்டாக்குகிறார்கள். அது முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அழுத்தம் குறைந்து வெளிவரும் அதே நீராவி கரும்புச் சாற்றைக் காய்ச்சப் போகிறது. மின்சாரமும் கிடைத்தது, வெப்பமும் வீணாகவில்லை. இணை மின் உற்பத்தி என்பது இதுதான். அங்கும் சக்கையை ‘கழிவு’ என்று சொல்லிவிட முடியாது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அந்தச் சக்கையில்தான் காகிதம் செய்கிறது. சக்கை கொடுக்கும் ஆலையின் கொதிகலனுக்கு ஈடாக வேறு எரிபொருளோ நீராவியோ ஏற்பாடு செய்தாக வேண்டியிருக்கிறது.

பீகாரிலும் இதே கதைதான் நடந்தது. கேட்பார் இல்லாமல் கிடந்த உமியைத் தேடி ஆள் வருகிறது என்று தெரிந்ததும் மில்காரர்கள் விலை சொல்லத் தொடங்கினார்கள். மின்சாரத்தின் விலையை அதே வேகத்தில் ஏற்ற முடியாது, வாங்குகிறவர்கள் ஏழைகள். எரிந்து மிஞ்சிய உமிக்கரியைக் கொண்டு கிராமத்துப் பெண்கள் ஊதுபத்தி செய்யப் பயிற்சி கொடுத்து, அதிலிருந்தும் ஒரு வருமானம் பார்த்தார்கள். அதே மாநிலத்தின் சாரண் மாவட்டத்தில் கர்கா என்ற ஊரில் இன்னொரு நிறுவனம் வேறு வழியில் போனது: நீர் தேங்கி வேறு பயிர் சரியாக வராத நிலத்தில் விளையும் தக்கைப்பூண்டை விவசாயிகளிடம் விலைக்கு வாங்கி வாயுவாக்கியில் போட்டார்கள். “அதை நாங்க மடக்கி உழுதுடுவோமே” என்றார்கள் எங்கள் பிள்ளைகள். ஆம், நமக்கு அது பசுந்தாள் உரம். 2017இல் சௌபாக்யா திட்டம் வந்து வீடுகளுக்கு அரசு மின் இணைப்புகள் பரவலாகக் கிடைக்கத் தொடங்கின; சூரியத் தகடுகளும் மலிவாகிவிட்டன. ஹஸ்க் பவர் நிறுவனமும் பகலில் சூரிய ஒளி, இரவில் உயிரிப்பொருள் என்று இரண்டையும் சேர்த்து நடத்தும் முறைக்கு மாறியது. தோற்றுப்போனதா, வென்றதா என்று பிள்ளைகள் கேட்டார்கள். இருட்டிலிருந்த பல ஊர்களில் பல ஆண்டுகள் விளக்கு எரிந்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உமி இலவசம் என்ற எண்ணம் மட்டும் நிலைக்கவில்லை.

என் இரண்டாவது வாக்கியம் ‘மாசடைவதில்லை’. அந்தக் கொதிகுழாயை இப்போது எடுத்தேன். உள்ளே ஒட்டியிருந்த பிசுபிசுப்புதான் தார். எஞ்சினுக்குள் போனால் வால்வுகளில் ஒட்டி அதை நிறுத்திவிடும். ஆகவே வாயுவை நீரால் கழுவுகிறார்கள். உமி, மரத்தூள், துணி வழியாக வடிகட்டுகிறார்கள். கழுவிய நீர் கறுத்துப்போகும். அதைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விட்டால்? உமியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதைக் கொட்ட இடம் வேண்டும், காற்றில் பறந்தால் நுரையீரலுக்குக் கேடு. நெல் ஆண்டுதோறும் விளைவதால் எரிந்து போன கார்பன் அடுத்த பயிரில் மீண்டும் சேர்கிறது என்பது உண்மை, பெரிய நன்மையும்கூட. மரத்தை வெட்டி எரித்தால் அந்தக் கணக்கு நேராகப் பல ஆண்டுகள் ஆகும். ‘மாசடைவதில்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘நிலக்கரியோடு ஒப்பிட்டால் கார்பன் சேர்க்கை குறைவு, சாம்பலையும் தார் கலந்த நீரையும் கவனிக்க வேண்டும்’ என்று மாற்றினோம். ஒரு வரி மூன்று வரி ஆனது. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு இது சுமைதான். அவர்களிடம் முதல் பாதியை மட்டும் எதிர்பார்த்தேன்.

நெல் இல்லாத ஊர் ஆசிரியர்கள் உங்கள் ஊர்ப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலம்: கரிமூட்டம் போடுகிறவரும் அதைத்தான் நம்பியிருக்கிறார். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டி: கரியாக்கி விற்றால் நல்ல விலை. சேலத்தில் சேகோ ஆலைக் கழிவு நீரிலிருந்து சாண எரிவாயு போல வாயு எடுக்கிறார்கள். அங்கே கதை வேறு விதமாகப் போகும், ஏனென்றால் அந்த நீரை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. ‘இதை இப்போது யார் பயன்படுத்துகிறார்?’ என்று விசாரித்துவர ஒரு நாள் கொடுங்கள். மற்றக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

அரையாண்டுத் தேர்வுக்கு வினாவை மாற்றினேன்: ‘ஒரு கிராமத்தில் நாள்தோறும் 210 கிலோ உமி கிடைக்கிறது. அதில் 120 கிலோ நெல் அவிக்கப் பயன்படுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.5 கிலோ உமி தேவை. மீதமுள்ள உமியிலிருந்து எத்தனை யூனிட் கிடைக்கும்? அங்கு உமி மின்நிலையம் அமைக்கப் பரிந்துரைப்பாயா? காரணம் எழுது.’ 60 யூனிட் என்பதில் அதிகச் சிக்கல் இல்லை. பரிந்துரையில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ‘தெருவிளக்குக்கு மட்டும் வைக்கலாம்’ என்று எழுதியவர்கள் உண்டு. ‘கொஞ்ச நாளில் 120 கிலோவுக்கும் விலை ஏறும், வேண்டாம்’ என்று எழுதியவர்களும் உண்டு. காரணம் பொருந்தினால் இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

காலாண்டுத் தாளையும் திருப்பி வாங்கினேன். சுழியத்தை அடித்து 2 என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டு, மதிப்பெண் பதிவேட்டிலும் 71ஐ 73 ஆக்கினேன். தாளை வாங்கிக்கொண்ட அவள், “டீச்சர், இந்தத் தடவை மூட்டைக்கு இன்னும் பத்து ரூபா ஏறிடுச்சாம், அம்மா சொன்னாங்க” என்றாள்.